ஏரி மீன் யாருக்கு?



தென்பெண்ணையாற்றை அடுத்துள்ள ஊர்களிலே ஒரு காட்சியை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். பள்ளிக்கூடம் விடுமுறை. ஏரிக் கரையிலே ஒரு சிறுவன் குந்தியிருக்கிறான். அவன் கையிலே ஒரு மூங்கிற் கோல். கோலின் நுனியிலே ஒரு நரம்பு. நரம்பின் இடையிலே ஒரு தக்கை; முடிவிலே ஒரு முள்; முள்ளிலே ஒரு மண்புழு. தக்கை அசைகிறதா என்று பார்த்த கண் இமையாமல் அவன் பார்த்துக் கொண்டிருக்கிறான். அவ்வேளையிலே கரைமேல் வரும் பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, யாரைக் கேட்டு மீன் பிடிக்கிறாய்? ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர் இருக்கிறாரே, தெரியாதா?" என்று கேட்கிறார். "ஏரி எங்கள் ஊர் ஏரிதானே, ஐயா!" என்று விடை கூறுகிறான் சிறுவன்.

கேள்வியும் நியாயமானது, விடையும் நியாயமானது. இவ்விரண்டு நியாயங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. ஏரி மீன் யாருக்கு உரியது? அரசனுக்கா, கோயிலுக்கா, குத்தகைதாரருக்கா, ஊராருக்கா? அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் இடத்தைத் தெரிந்து கொள்வோம். நாகரசம்பட்டி என்பது கிருஷ்ணகிரி மாவட்டத்திலே, காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி ஆகிய ஊர்களுக்கு அண்மையில் உள்ள ஒரு பேரூர். இவ்வட்டாரத்திற்கு உயிர்நாடி தென்பெண்ணையாறு. கருநாடகத்திலே நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு, பெங்களூருக்குக் கிழக்கே ஓடி, ஓசூருக்கு அருகே தமிழகத்துள் புகுகிறது. அங்கே கெலவரப்பள்ளி நீர்த்தேக்கம் அதனை எதிர்கொள்கிறது. பின்னர்க் கிருஷ்ணகிரி அணை. அதனைக் கடந்ததும் நெடுங்கல் அணைக்கட்டு. நெடுங்கல்லிலிருந்து பிரியும் கால்வாய் பாரூர்ப் பெரிய ஏரிக்கு நீர் கொணர்கிறது. பாரூர் ஏரியை நம்பி ஏறத்தாழ 2,400 ஏக்கர் நிலம் இருக்கிறது. ஆறோ மேலும் நடந்து, சாத்தனூர் அணையைத் தாண்டிக் கடலூருக்கு அருகே கடலிற் கலக்கிறது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். நம் ஏரிகள் இயற்கையாக அமைந்தவை அல்ல. மழைநீரையும் ஆற்றுநீரையும் மறித்து, மண்ணால் கரை எடுத்து, மதகு வைத்து மனிதர் ஆக்கியவை. ஆகவே ஏரியிலுள்ள மீனும் ஒருவகையில் மனித உழைப்பின் பயனே. கால்வாய் வழியே புதுநீர் வரும்போது மீனும் வருகிறது. ஏரி நிறையும்போது பெருகுகிறது. கோடையில் நீர் வற்றும்போது ஓரிடத்தில் ஒதுங்கி, அகப்பட்டவர் கைக்கு எளிதாகிறது. நெல்லுக்கு நீர் தேக்கிய உழவன், விதைக்காமலே ஒரு விளைச்சலைப் பெற்றான். அந்த விளைச்சல் யாருக்கு என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

பண்டைத் தமிழ் நூல்கள் மீன்பிடித் தொழிலை நன்கு அறிந்தவை. மருதநிலத்துப் பாடல்களிலே, பாண்மகள் மீனைக் கொடுத்து நெல்லைப் பெற்றுச் செல்லும் காட்சி வருகிறது. தூண்டிலிட்டு மீன் பிடிக்கும் பாணரையும், வலை வீசும் வலைஞரையும் பத்துப்பாட்டு நமக்குக் காட்டுகிறது. வயலின் விளைச்சலும் குளத்தின் விளைச்சலும் ஒன்றுக்கொன்று மாற்றாக நின்ற காலம் அது. வடக்கேயோ, கி. மு. மூன்றாம் நூற்றாண்டில், அசோகப் பேரரசர் தம் ஐந்தாம் தூண் சாசனத்திலே, ஆண்டின் குறிப்பிட்ட சில நாட்களில் மீனைக் கொல்லுதலும் விற்றலும் ஆகாது என்று ஆணையிட்டார். அவர் அதனை அருளறம் கருதியே செய்தார். ஆயினும், மீன் பிடித்தலுக்கு ஒரு கால வரையறை வேண்டும் என்ற எண்ணத்தை அரசாணையாகக் கல்லிலே பொறித்த மிகப் பழைய சான்றுகளுள் அஃது ஒன்று.

இனிச் சோழர் காலத்துக்கு வருவோம். முதற் பராந்தக சோழனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நீங்கள் பாடப் புத்தகத்திலே படித்திருப்பீர்கள். கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த அக்கல்வெட்டுகள், குடவோலை முறையிலே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பெற்ற குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காத்தற்கென்றே ஒரு குழு! ஏரி எத்துணை முதன்மை பெற்றிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அக்காலக் கல்வெட்டுகளிலே 'பாசிப்பாட்டம்' என்றொரு சொல் வருகிறது. ஏரி, குளங்களில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்திய வரி அல்லது குத்தகை அது. பாசிக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பாசி படர்ந்த நீரிலேதான் மீன் பெருகும். ஆதலால் நீரின் விளைச்சல் முழுவதையும் 'மீன்பாசி' என ஒரே சொல்லால் மக்கள் வழங்கினர். இன்றைக்கும் ஊராட்சி அலுவலகத்து அறிவிப்புப் பலகையிலே 'மீன்பாசி ஏலம்', 'மீன்பாசிக் குத்தகை' என்ற சொற்களைக் காண்கிறோம். சோழர் காலத்து வரிச்சொல் ஒன்று நம் ஊர்ச் சுவரிலே இன்னும் உயிரோடு இருக்கிறது!

மீன் குத்தகைப் பணம் எதற்குச் செலவாயிற்று என்பதே நாம் கருத வேண்டிய செய்தி. அதனை ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கிய செய்திகள் கல்வெட்டுகளிலே உண்டு. ஏரிக்குப் பகை வண்டல். ஆண்டுதோறும் நீரோடு வரும் மண் அடியிலே படிந்து ஏரியின் ஆழத்தைக் குறைத்துவிடும். ஆழம் குறைந்தால் நீர் குறையும். நீர் குறைந்தால் நெல்லும் இல்லை, மீனும் இல்லை. ஆகவே ஏரி தந்த மீனின் விலையை ஏரிக்கே திருப்பித் தந்தனர் நம் முன்னோர். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்; முடிவில் மீண்டும் இதற்கு வருவோம்.

உணவுக்காகவும் வருவாய்க்காகவும் மீன் பிடித்ததைப் பார்த்தோம். பொழுதுபோக்குக்காக மீன் பிடித்தல் மேல்நாட்டாரிடமிருந்து நமக்கு வந்ததென்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. நம் எல்லைக்கு அப்பால், கருநாடக நாட்டை ஆண்ட கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலை இயற்றினான். அரசனுக்கு உரிய கல்விகளையும் இன்பங்களையும் தொகுத்துக் கூறும் கலைக்களஞ்சியம் போன்றது அந்நூல். அதிலே தூண்டில் மீன்பிடிப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. எவ்வெம் மீன்கள் கடலிலும் ஆற்றிலும் வாழ்கின்றன, எந்த மீனுக்கு எந்த இரை இட வேண்டும், கோலும் கயிறும் எங்ஙனம் அமைய வேண்டும் என்றெல்லாம் அது பேசுகிறது. புகழ்பெற்ற மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா, அதிற் கூறப்பெற்ற மீன்களை இக்கால அறிவியற் பெயர்களோடு பொருத்திக் காட்டிக் கட்டுரை எழுதினார். ஆங்கிலேயர் பெரிதும் போற்றும் ஐசக் வால்டனின் தூண்டில் நூல் வெளிவந்தது 1653-இல். நம் அண்டை நாட்டு அரசனோ அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தூண்டிற் கலையை நூலாக்கிவிட்டான்.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். சோமேசுவரனுக்குத் தூண்டில் ஓர் இன்ப விளையாட்டு. பாண்மகனுக்கு அஃது அன்றாட உணவு. ஒரே முள், ஒரே நீர். ஆனால் கோலைப் பிடித்த கைகள் வேறு. ஏரி மீன் யாருக்கு என்ற கேள்விக்கு விடை எளிதில் கிடைக்காமைக்கு இதுவே காரணம்.

இனி நம் வட்டாரத்தின் அரசியல் மாற்றத்தைப் பார்ப்போம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய பகுதிக்குப் 'பாராமகால்' என்று பெயர். மைசூர் அரசின் கீழிருந்த இந்நிலப்பகுதி, 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடு என்பவர் இதன் ஆட்சிக்குப் பொறுப்பேற்றார். தாமசு மன்றோ அவருக்குத் துணையாக இருந்தார். உழவரிடமிருந்து நேராக வரி வாங்கும் இரயத்துவாரி முறை முளைவிட்டது இந்த மண்ணிலேதான். நிலம் அளக்கப்பட்டது; வரி விதிக்கப்பட்டது; ஏரியும் சர்க்காரின் பொறுப்பாயிற்று. கரையைப் பழுது பார்க்க ஊரார் ஒன்றுகூடி உழைக்கும் குடிமராமத்து வழக்கம், காலப்போக்கில் பல இடங்களிலே தளர்ந்தது. மீன் வருவாய் ஒருபுறமும், ஏரிப் பராமரிப்பு மற்றொருபுறமுமாகப் பிரிந்தன. பழைய கணக்கு முறிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அரசினர்க்கு வேறொரு கவலை பிறந்தது. நன்னீர் மீன்கள் குறைந்து வருகின்றன என்பதே அது. பிரான்சிசு டே என்ற மருத்துவ அதிகாரி, இந்தியாவின் நன்னீர் மீன்களைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை 1873-இல் வெளியிட்டார். அதே ஆண்டில், சென்னை மாகாணத்து அதிகாரியாகிய என்றி சல்லிவன் தாமசு, இந்தியாவில் தூண்டிலிடுதலைப் பற்றி ஒரு நூலை எழுதினார். தாமசு தூண்டிலில் பெருவிருப்பம் உடையவர்; ஆயினும் விளையாட்டோடு நின்றவர் அல்லர். நுண்கண் வலைகளாலே மீன்குஞ்சுகளை அரித்தெடுப்பதும், நீரில் நஞ்சு கலந்து மீனை மயக்குவதும் எவ்வளவு கேட்டினை விளைக்கும் என்பதை அவர் அரசுக்கு எடுத்துக் கூறினார். நம் ஊர்களிலும் கள்ளிப்பாலை நீரிற் கலந்து மீன் பிடிக்கும் வழக்கம் இருந்தது. பின்னர் வெடிமருந்து வந்தது. ஒரு வெடியில் பெரியது, சிறியது, சினை உடையது என்ற வேறுபாடின்றி எல்லாம் மிதந்தன. இவற்றைத் தடுக்கும் பொருட்டு 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. நீர்நிலைகளில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடித்தல் அச்சட்டத்தால் குற்றமாயிற்று.

இதற்குப் பின்னர்ச் சென்னை மாகாணத்து மீன் துறைக்கு அடிகோலியவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். நாட்டுப்புற மக்களின் கடன் தொல்லையைப் போக்கக் கூட்டுறவே வழி என்று அறிக்கை எழுதிப் புகழ் பெற்றவர் இவர். ஏழை எளியவர்க்கு மலிவான நல்லுணவு வேண்டும் என்ற நோக்கோடு இவர் மீன்வளத்தின் பக்கம் திரும்பினார். 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை அமைந்தது. நிக்கல்சன் கேட்ட கேள்வி, 'மீனை எவ்வாறு காப்பது?' என்பது மட்டுமன்று. 'மீனை எவ்வாறு பெருக்குவது?' என்பதும் ஆகும்.

பெருக்குவது எளிதா? இல்லை. இங்கே சிறிது அறிவியலைத் தெரிந்து கொள்ள வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று பெருங்கெண்டைகளை நீங்கள் சந்தையிலே பார்த்திருப்பீர்கள். இவை கங்கை முதலிய வடபுலத்து ஆறுகளுக்கு உரியவை. காவிரிக்கும் தென்பெண்ணைக்கும் புதியவை. இவற்றை ஒரே குளத்தில் வளர்ப்பதில் ஓர் அழகு உண்டு. கட்லா மேல்மட்டத்து நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடிமட்டத்துச் சேற்றில் கிடைப்பதைத் தின்னும். ஒன்றன் உணவை மற்றொன்று பெரிதும் பறிப்பதில்லை. ஆனால் இவை குளத்திலே வளருமேயன்றி, குளத்திலே இனம் பெருக்குவதில்லை. வெள்ளம் பெருகியோடும் ஆற்றிலேதான் முட்டையிடும். ஆகவே மழைக்காலத்திலே ஆற்றோரங்களில் முட்டைகளையும் குஞ்சுகளையும் சேகரித்து, தொலைதூரம் கொண்டு சென்று ஏரிகளில் விட வேண்டியிருந்தது. வழியிலே மடிந்தவை பல. கிடைத்தவற்றிலும் வேண்டாத மீன்கள் கலந்திருக்கும்.

இத்தடையை உடைத்த ஆண்டு 1957. ஒரிசா மாநிலத்து அங்குல் என்ற ஊரிலே, ஹீராலால் சௌதுரி, அலிகுன்ஹி ஆகிய அறிஞர்கள், அவ்வாண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒரு வெற்றி கண்டனர். முதிர்ந்த மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை எடுத்து, அதன் சாற்றைச் சினை மீனின் உடலிலே ஊசி வழியே செலுத்தினர். ஆற்று வெள்ளம் தரும் தூண்டுதலை அச்சாறு தந்தது. குளத்திலிருந்த மீன் முட்டையிட்டது. இவ்வழியை முதலில் ஆராய்ந்தவர்கள் தென் அமெரிக்கர். அர்சென்டினாவில் ஊசே என்பவரும், பிரேசிலில் இயெரிங் என்பவரும் 1930-களிலேயே இதனைச் செய்து பார்த்திருந்தனர். ஆயினும் இந்தியப் பெருங்கெண்டைகளில் இது கைகூடியது நம் நாட்டு அறிஞரின் உழைப்பால். ஆண்டுதோறும் ஜூலை 10-ஆம் நாள் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்பெறுவது இதனை நினைந்தே ஆகும்.

வியப்பு என்னவெனில், அதே 1957-ஆம் ஆண்டிலேதான் கிருஷ்ணகிரி அணையை முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தார். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில், தென்பெண்ணையின் குறுக்கே நிற்கும் அவ்வணையில் 52 அடி உயரம் வரை நீரைத் தேக்கலாம். ஏறத்தாழ 9,000 ஏக்கர் நிலம் அதனாற் பாசனம் பெறுகிறது. உழவுக்கு நீர் தேக்கிய அணை, மீனுக்கும் பெரியதொரு வீடாயிற்று. அணையை ஒட்டிப் பூங்கா அமைந்தது. அரசின் மீன் பண்ணையும் அமைந்தது. பரிசலில் சென்று வலை வீசும் மீனவர் ஒருபுறம். பூங்காவைக் காண வரும் குடும்பங்கள் மற்றொருபுறம். அணை மீனைப் பொரித்து விற்கும் கடைகளின் மணம் இருசாராரையும் இணைக்கிறது. அரசன் ஒருவனுக்கு மட்டும் உரியதாயிருந்த நீர்விளையாட்டு இன்பம், கட்டுச்சோற்று மூட்டையோடு பேருந்தில் வந்திறங்கும் ஏழைக் குடும்பத்துக்கும் கிடைத்தது. மக்களாட்சியின் பயன்களுள் இதுவும் ஒன்று.

இதனோடு உதகமண்டலத்து ஏரியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1820-களிலே சான் சல்லிவன் முயற்சியால் உருவான ஏரி அது. ஆங்கிலேயர் அங்கே தம் நாட்டு மீன்களைக் கொணர்ந்து விட முயன்றனர். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் திரவுட்டு மீனை வளர்க்க 1907-ஆம் ஆண்டு அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தனர். 1939-இல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை நீலகிரிக்கு வந்தது. உரிமச்சீட்டு வாங்கியவரே தூண்டில் இடலாம் என்ற விதியும் வந்தது. மலைமேல் இருந்த ஏரி விளையாட்டுக்கு முதலிடம் தந்தது; சமவெளியிலுள்ள பாரூரும் கிருஷ்ணகிரியும் உணவுக்கு முதலிடம் தந்தன.

வெளிநாட்டு மீன்களின் வரவு நீலகிரியோடு நிற்கவில்லை. 1952-ஆம் ஆண்டு ஆப்பிரிக்க நாட்டுத் திலேப்பியா மீன், இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்தது. அதனையே நம் மக்கள் 'ஜிலேபி' என்று செல்லமாக அழைக்கின்றனர். இம்மீனுக்கு ஆற்று வெள்ளம் வேண்டுவதில்லை, ஊசியும் வேண்டுவதில்லை. தாய் மீன் தன் வாயிலேயே முட்டைகளை அடைகாக்கும். சில திங்களிலே குஞ்சு தாயாகிவிடும். எந்த நீரிலும் பிழைக்கும். ஏழையின் மீன் என்று இதனைப் போற்றியவர் பலர். அது பொய்யும் அன்று. ஆனால் மிகுதியாகப் பெருகிய இடத்தில் இடமும் இரையும் போதாமல் அம்மீனே குறுகிச் சிறுத்தது. நம் நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்தது. பிற்காலத்திலே, 1988 முதல் பிலிப்பைன்சு நாட்டில் நடைபெற்ற ஆராய்ச்சியால், விரைந்து வளரும் புதிய திலேப்பியா வகை உருவாக்கப்பெற்றது. அவ்வகைக்கான அரசுக் குஞ்சு பொரிப்பகம் கிருஷ்ணகிரி அணையில் அமைந்துள்ளது. பாரூரிலும் தமிழ்நாட்டு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்குகிறது. ஊர் ஏரியின் கரையிலே பல்கலைக்கழகம் வந்து நிற்பது நம் மாணவர்க்குப் பெரும் பேறு.

ஆயினும் வரலாறு இலாபத்தை மட்டும் எழுதிவிட்டு நட்டத்தை மறைத்தல் ஆகாது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், அந்நீர்த்தேக்கத்திலே கட்லா பெருகியது. காவிரிக்கே உரிய கெண்டை வகைகள் குறைந்தன. அணை ஆற்றின் ஓட்டத்தை மாற்றியது ஒரு காரணம்; புதிய மீனின் வரவு மற்றொரு காரணம். ஏரிகளிலும் அவ்வாறே. விரால், குறவை, ஆரால், அயிரை, உளுவை, கெளுத்தி என்று நம் பாட்டிமார் அடுக்கிச் சொல்லும் பெயர்களுள் எத்தனை மீன்களை நீங்கள் கண்ணாற் கண்டிருக்கிறீர்கள்? இடையிலே ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றொரு மீனும் திருட்டுத்தனமாக நுழைந்தது. பிற மீன்களை விழுங்கி வளரும் அதனை வளர்க்கலாகாது என்று அரசு தடை விதித்துள்ளது.

இவற்றினும் பெரிய இடர் நீரின் தூய்மைக்கே வந்துள்ளது. 1970-களிலே ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. எல்லைக்கு அப்பால் பெங்களூர் மாநகரம் பெருகி விரிந்தது. தொழில் வளர்ச்சியால் இவ்வட்டாரத்தின் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்வு பெற்றன; அதனைக் குறை கூறுதல் நன்றியன்று. ஆனால் மாநகரத்தின் கழிவுநீர் தென்பெண்ணையிலே கலந்து வருகிறது. கெலவரப்பள்ளியிலே மதகைத் திறக்கும்போது பஞ்சுப் பொதிபோல் நுரை எழும்பிப் பரவிய காட்சி, அண்மை ஆண்டுகளிலே பலமுறை செய்தியாக வந்தது. நீரில் கலந்த கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது, நீரிற் கரைந்துள்ள உயிர்க்காற்றை அவை உட்கொள்கின்றன. மீனுக்கு மூச்சுவிடக் காற்று எஞ்சுவதில்லை. வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை, வெடியும் இல்லை. ஆயினும் ஒரே இரவில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. 1897-ஆம் ஆண்டுச் சட்டம் நீரில் நஞ்சு கலந்து மீன் பிடித்த மனிதனைக் குற்றவாளி ஆக்கியது. இன்று, மீன் பிடிக்கும் எண்ணமே இல்லாதவர்கள் நீரிலே நஞ்சு கலக்கின்றனர். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இதற்கென்றே வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதனை ஆற்றங்கரைக்குக் கொண்டு வருதல் நம் கடமை.

நண்பர்களே, தொடங்கிய கேள்விக்கு இப்போது திரும்புவோம். ஏரி மீன் யாருக்கு? மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களிலே கோடைக்காலத்தில் மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது. கண்மாயில் நீர் வற்றும் வேளையில், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துணியை வீசிக் காட்டியதும், சாதி சமயம் பாராமல் அனைவரும் ஊத்தாவும் வலையும் கொண்டு நீரில் இறங்குகின்றனர். அகப்பட்ட மீனை வீட்டுக்குக் கொண்டுசென்று சமைத்து உண்கின்றனர். அன்று ஒரு நாள் மீன் அனைவருக்கும் பொது. ஆனால் அந்த நாள் வரும்வரை யாரும் இறங்கலாகாது என்ற கட்டுப்பாட்டை அனைவரும் காக்கின்றனர். அக்கட்டுப்பாடு இன்றேல் அத்திருநாளும் இல்லை.

சோழர் காலத்து ஏரிக் கணக்கை முன்னர்ச் சொன்னேன் அல்லவா? மீனால் வந்த பணம் ஏரிக்கே சென்றது. அக்கணக்கின் உட்பொருள் இதுதான்: ஏரியைப் பேணுகிறவர்க்கே ஏரியின் மீன்மேல் உரிமை உண்டு. குத்தகைதாரர் பணம் கொடுக்கிறார். அப்பணம் ஏரியைத் தூர்வாரச் செலவாகுமாயின் அவர் உரிமை நியாயமானது. ஊரார் கரையைக் காத்து, வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டாதிருப்பார்களாயின் அவர்கள் உரிமையும் நியாயமானது. எல்லைக்கு அப்பாலுள்ள மாநகரத்தாரும் இதே ஆற்றின் பங்காளிகள் ஆதலால், கழிவைத் தூய்மை செய்து விடுக்கும் கடமை அவர்க்கும் உண்டு. ஆறு மாநில எல்லையை அறியாது, மீனும் அறியாது.

கரையில் அமர்ந்த சிறுவனுக்கு என்ன சொல்வது? "தம்பி, ஏரி உன் ஊர் ஏரிதான், சிறு குஞ்சு அகப்பட்டால் திரும்ப நீரில் விட்டுவிடு" என்று சொல்லலாம். மாணவர்களாகிய உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரிலுள்ள முதியவர்களிடம் சென்று, அவர்கள் இளமையிலே ஏரியிற் பிடித்த மீன்களின் பெயர்களைக் கேட்டு ஒரு சுவடியிலே எழுதுங்கள். அவற்றுள் இன்று கிடைப்பவை எவை, கிடைக்காதவை எவை என்று எதிரே குறியுங்கள். ஏரி எந்த ஆண்டில் நிறைந்தது, எந்த ஆண்டில் வற்றியது, எப்போது தூர்வாரப்பட்டது என்பதையும் கேட்டு எழுதுங்கள். அக்காலத்து ஊரார் தம் ஏரியின் கணக்கைக் கல்லிலே வெட்டி வைத்தனர். அதனாலன்றோ ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் நாம் அதனை அறிகிறோம். பாரூர் ஏரிக்கும் நாகரசம்பட்டி வட்டாரத்துக் குளங்களுக்கும் அத்தகைய கணக்கை எழுதும் பொறுப்பு உங்களுடையது. மதகு திறக்கும்போது நீரோடு நுரையன்றி மீன் துள்ளி வரும் நாளை, அந்தச் சுவடியின் கடைசிப் பக்கத்திலே நீங்களே எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.